நூலால் அளந்துவிட்டு வாருங்கள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வாட்ச் ரிப்பேர் கடையின் அகலம் ஐந்தடி. ஒரு மேசை, ஒரு குழல் விளக்கு, கண்ணில் செருகும் லென்ஸ், அப்பா உட்கார்ந்து உட்கார்ந்தே வழுக்கிப்போன ஸ்டூல். அதில் நான் ஏறி உட்கார்ந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. ‘வாட்ச் பற்றி வாசகர்கள் கேட்கலாம்’ என்று ஆசிரியர் போன இதழில் இரண்டு வரி போட்டிருந்தார். செல் மாற்றுவது, முள் நின்றுபோவது என்றுதான் கேட்பார்கள் என நினைத்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறு கேள்வி: என் கைக்கு எந்த வாட்ச் எடுப்பாக இருக்கும்? ரிப்பேர் கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கை ஒல்லி, சுற்றளவு 14 சென்டிமீட்டர். ஆனால் பெரிய டயல்தான் பிடிக்கும். ஆன்லைனில் 42 மில்லிமீட்டர் வாட்ச் ஒன்று வாங்கினேன். ‘சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிட்டு வந்துட்டியா?’ என்று தோழிகள் கேலி செய்கிறார்கள். குட்டி லேடீஸ் வாட்ச் எனக்குப் பிடிக்காது. என்ன செய்ய?
– வாசகி, பர்கூர்

தோழிகள் டயலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் அம்மா. தப்பு டயலில் இல்லை, காதில் இருக்கிறது.

42 மில்லி என்பது வாட்சின் குறுக்களவு. பட்டையைக் கோக்க மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் பாருங்கள். கம்பெனிக்காரர்கள் ‘லக்’ என்பார்கள், எங்கள் கடையில் காது. மேல் காதின் நுனியிலிருந்து கீழ்க் காதின் நுனி வரை எத்தனை மில்லி இருக்கிறதோ, அத்தனை இடம் உங்கள் கையில் வேண்டும். 42 மில்லி வாட்சுக்கு அது 48, 50 கூட வரும். சுற்றளவு 14 சென்டி என்றால் மணிக்கட்டின் மேல்பக்கம் குறுக்கே சுமார் 45, 46 மில்லிதான் இருக்கும். நீங்களே ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். 46 மில்லித் திண்ணையில் 50 மில்லிப் பாயை விரித்தால் இரண்டு ஓரமும் தொங்கத்தானே செய்யும்?

இன்னும் ஒரு சோதனை. கையை மேசைமேல் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். காதுக்கும் தோலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்த வாட்ச் உங்களுக்குப் பெரிது. தெரியவில்லை என்றால் யார் என்ன சொன்னாலும் கட்டிக்கொள்ளலாம். 40 மில்லி வாட்ச் இரண்டை எடுத்தால், ஒன்றின் காது குட்டையாகக் கீழே வளைந்து 46-இல் முடிந்துவிடும். இன்னொன்றின் காது நேராக நீண்டு 50-ஐத் தொடும். விளம்பரத்தில் இரண்டுக்கும் 40 என்றுதான் போட்டிருப்பான்.

உங்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் 34 முதல் 37 மில்லிக்குள் பார்ப்பேன். காது நீளம் 43-ஐத் தாண்டக் கூடாது. பெரிய டயல் ஆசையை அதற்காக விட வேண்டியதில்லை. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம் ஒல்லியாகவும் டயல் வெள்ளை, சந்தன நிறத்திலும் இருந்தால் 36 மில்லி 38 மாதிரித் தெரியும். தடித்த வளையம், கறுப்பு டயல் என்றால் அதே 36 சுருங்கிவிடும். சதுர வாட்ச் இன்னொரு வழி. நாலு மூலைகளும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் ஒரே அளவு வட்டத்தைவிடச் சதுரம் எப்போதும் பெரிதாகவே தெரியும்.

ஆன்லைனில் வாங்கும்முன் அட்டையை வெட்டிப் பாருங்கள். காம்பஸை 18 மில்லிக்கு விரித்தால் 36 மில்லி வட்டம் வரும். காதுகளையும் சேர்த்து வரைந்து வெட்டி, கையில் ஒட்டிக்கொண்டு கண்ணாடிமுன் நில்லுங்கள். ஆளுயரக் கண்ணாடி, நாலடி தள்ளி. குனிந்து பார்த்தால் முகத்துக்குக் கிட்டே இருக்கும் எந்த வாட்சும் பெரிதாகத்தான் தெரியும். கையை நீட்டி செல்போனில் படம் எடுத்தால் கேட்கவே வேண்டாம். ஊரார் பார்ப்பது நாலடி தூரத்திலிருந்துதான். அட்டை கைவசம் இல்லையென்றால் பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் பாருங்கள். அதன் குறுக்களவு 27 மில்லி. உங்கள் அம்மா காலத்து லேடீஸ் வாட்சுகள் பலவும் அதைவிடச் சின்னவை. அந்தக் குட்டி வாட்சுக்கும் உங்கள் 42 மில்லிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அப்போது புரியும்.

ஜென்ட்ஸ் வாட்ச் கட்டுகிறோமே என்ற தயக்கம் இருந்தால் ஒன்று சொல்கிறேன். கையில் கட்டும் கடிகாரம் முதலில் பெண்களின் நகையாகத்தான் இருந்தது. ஆண்கள் சங்கிலி கோத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். 1914-இல் தொடங்கிய முதல் உலகப் போரில், பதுங்குகுழியில் பையைத் துழாவ நேரமில்லாமல்தான் சிப்பாய்கள் கையில் கட்டினார்கள். திரும்பி வந்தும் அவிழ்க்கவில்லை. ஆக, கடன் வாங்கியது யார் என்று தோழிகளிடம் கேளுங்கள்.

எனக்கு மணிக்கட்டு 20 சென்டிமீட்டர். பெரிய வாட்ச் கட்டினால் முழுக்கைச் சட்டைக்குள் போக மறுக்கிறது. சிறிய வாட்ச் கட்டினால் குழந்தை வாட்ச் மாதிரி இருக்கிறது.
– வாசகர், ஓசூர்

உங்களுக்கு 42, 44 தாராளமாகத் தாங்கும். சட்டைக்குள் போகாததற்குக் காரணம் அகலம் இல்லை, தடிமன். 13, 14 மில்லி தடித்த வாட்சுக்குச் சட்டையின் கைப்பட்டையில் இடம் கிடையாது. 42 மில்லி அகலம், 9 மில்லிக்குள் தடிமன் என்று தேடுங்கள். தேட நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் உங்கள் ஊர் கம்பெனி. 2002-இல் அவர்கள் கொண்டுவந்த எட்ஜ் வாட்சின் மொத்தத் தடிமனே 3.5 மில்லி, உள்ளே ஓடும் மிஷின் 1.15 மில்லி. முதன்முதலில் ஒன்று செல் மாற்ற வந்தபோது நான் பின்மூடியைத் திறக்கவே பயந்தேன். அப்பா எழுந்து வந்து, லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, “இன்னாடா இது, அப்பளத்துக்குள்ள மிஷின் வெச்ச மாதிரி கீது” என்றார்.

பட்டை அகலத்தையும் கவனியுங்கள். 42 மில்லிக்கு 20 அல்லது 22 மில்லிப் பட்டை. 18 போட்டால் குண்டு உடம்பில் அரைஞாண் கயிறு கட்டியதுபோல் இருக்கும்.

மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்க வேண்டும். அளவு தெரியாது, கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. தங்க நிறச் செயின் வாட்ச் எடுக்கலாமா?
– வாசகர், தர்மபுரி

ஐயா, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியானவன் கிடையாது. மாப்பிள்ளை வாட்சால் மானம்போனவன் நான்.

என் மாமனார் ஆசையாகத்தான் எடுத்தார். தங்க நிறம், தங்கச் செயின், பெட்டியைத் திறந்தால் கண் கூசும். முகூர்த்தத்தன்று விடியற்காலையில்தான் கையில் போட்டார்கள். என் கை 15.5 சென்டி, செயினோ கடையில் வைத்திருந்த முழு நீளம். வளையல் மாதிரி முழங்கை வரை ஏறும், இறங்கும். வாட்ச் ரிப்பேர்காரன் மகனுக்கு இந்த நிலை. அப்பா எதிரே உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கண்ணியைக் கழற்ற அவருக்கு ஐந்து நிமிஷம் போதும், ஆனால் மணமேடையில் ஸ்குரு டிரைவரை எடுக்க முடியுமா? தாலி கட்டக் கையை உயர்த்தினேன். இரண்டாவது முடிச்சில் லாக் திறந்துகொண்டு கனகாம்பரச் சரத்தில் மாட்டிவிட்டது. இழுத்தால் பூ உதிர்கிறது, விட்டால் வாட்ச் தொங்குகிறது. மூன்றாம் முடிச்சுப் போட வந்து நின்ற அக்காதான் பொறுமையாகப் பிரித்தெடுத்தாள். ஆல்பத்தில் அந்தப் படம் இன்றும் இருக்கிறது. நான் என் மனைவியின் பின்னந்தலையைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் கூச்சத்தை விடுங்கள். மாப்பிள்ளையிடம் கேட்க முடியாவிட்டால் அவர் தங்கையிடம் கேளுங்கள். அவர் இப்போது கட்டும் பெல்ட் வாட்சில் எத்தனையாவது ஓட்டை தேய்ந்திருக்கிறது என்று ஒரு படம் அனுப்பச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் அளவைச் சொல்லிவிடுவார். அதுவும் முடியாதென்றால் 38 முதல் 40 மில்லிக்குள் எடுங்கள். ஒல்லிக் கைக்கும் பருத்த கைக்கும் அதிகம் உறுத்தாத அளவு அது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். ‘முகூர்த்தத்தன்று கொடுப்பதுதான் முறை’ என்று பெரியவர்கள் சொன்னால், அன்று மேடையில் இன்னொரு தடவை கொடுங்கள், யார் தடுக்கப்போகிறார்கள்?

செயினில் கண்ணி குறைக்கும்போது நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரே பக்கத்தில் நாலு கண்ணியையும் உருவிவிட்டால் லாக் மணிக்கட்டின் நடுவில் நிற்காமல் ஓரத்துக்குப் போய்விடும், டயலும் சாய்ந்துகொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டும். கண்ணியின் உள்பக்கம் சின்ன அம்புக்குறி இருக்கும், கண்ணியைக் கோத்திருக்கும் கம்பி அந்தத் திசையில்தான் வெளியே வரும். எதிர்த்திசையில் சுத்தியலால் தட்டுகிறவரைக் கண்டால் வாட்சை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள். மாட்டிய பிறகு செயினுக்கும் கைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைய வேண்டும், அதற்குமேல் வேண்டாம். கழற்றிய கண்ணிகளைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். கல்யாணமான மறுவருஷமே மாப்பிள்ளைகள் அவற்றைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

தங்க நிறம் உங்கள் இஷ்டம். மலிவான முலாம் என்றால் வியர்வை பட்டு முதலில் விளிம்பிலும் காதிலும்தான் வெளுக்கும். பி.வி.டி. பூச்சு (உலோகத்தை ஆவியாக்கிப் படியவைப்பது) என்று குறிப்பிட்டிருந்தால் கொஞ்சம் கூடுதல் காலம் நிற்கும். தினமும் வேலைக்குக் கட்டிப்போகிற மாப்பிள்ளை என்றால் என் ஓட்டு வெள்ளி நிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு.

மாங்கூழ் ஆலையில் வேலை. வாட்ச் கட்டும் இடத்தில் சிவந்து அரிக்கிறது. தோல் பட்டை இரண்டு மாதத்தில் நாறிவிடுகிறது.
– வாசகர், காவேரிப்பட்டணம்

தோல் பட்டையை விட்டுவிடுங்கள். மே மாத வியர்வை, மாம்பழச் சாறு, கழுவும் தண்ணீர் மூன்றையும் எந்தத் தோலும் தாங்காது. ரப்பர், சிலிக்கான் பட்டை போடுங்கள், சாயங்காலம் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். பலருக்கு அரிப்பு வருவதே பட்டைக்கு அடியில் தங்கும் ஈரத்தாலும் அழுக்காலும்தான்.

சிவப்பு வட்டமாக, சரியாகப் பின்மூடி படும் இடத்தில் மட்டும் இருந்தால் அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். விலை குறைந்த கலப்பு உலோக வாட்சில் முலாம் தேய்ந்ததும் இது வரும். நல்ல ஸ்டீலிலும் நிக்கல் உண்டு, ஆனால் வெளியே கசிவது மிகக் குறைவு. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டைட்டானியம் அல்லது பிளாஸ்டிக் கேஸ். ஆலைக்கு நான் சொல்வது 1989-லிருந்து வந்துகொண்டிருக்கும் கேசியோ எஃப்-91டபிள்யூ. எடை 21 கிராம், கட்டியிருப்பதே தெரியாது. தண்ணீர் தெறித்தால் தாங்கும், முக்கி எடுக்காதீர்கள். புண் ஆறாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள், என்னை அல்ல.

இன்னொன்றும் சொல்கிறேன். வெயில் காலத்தில் கை வீங்கும். காலையில் சரியாக இருந்த ஓட்டை மத்தியானம் இறுக்கும். பட்டை வாங்கும்போது சாயங்காலம் போய் வாங்குங்கள்.

தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதா கிடைத்திருக்கிறது. ஓடுகிறது. ஆனால் இந்தக் காலத்துக்குச் சின்னதாக இருக்கிறதே, கட்டலாமா?
– வாசகர், அரூர்

கட்டாமல்? ஜனதாவின் குறுக்களவு சுமார் 35 மில்லி. உங்கள் தாத்தா காலத்தில் அதுதான் ஆண்பிள்ளை வாட்ச். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து எச்.எம்.டி. பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது 1961-இல். முதல் வாட்சுகளை வெளியிட்டவர் நேரு. உங்களுடையது சாவி கொடுக்கும் மிஷின், உராய்வைக் குறைக்க உள்ளே 17 சின்னக் கல், மணிக்கு 18,000 துடிப்பு. காதருகில் வைத்தால் நெல் குத்தும் சத்தம் மாதிரி நிதானமாகக் கேட்கும். 2016-இல் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்த பிறகு, பரணில் கிடந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தவர்கள் ஏராளம்.

சின்னதாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் பட்டை. 18 மில்லியில் பழுப்புத் தோல் பட்டை, பளபளப்பில்லாதது, ஒன்று மாற்றிப் பாருங்கள். ஆள் மாறிவிடும். தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள், முட்டுத் தட்டியதும் நிறுத்துங்கள். டயலை மட்டும் யாரிடமும் புதுசாகப் பெயின்ட் அடிக்கக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு டயலை நான் இளவயதில் ஆர்வக்கோளாறில் மாற்றிக் கொடுத்தேன். வாங்கிப்போன பெரியவர் மறுநாள் வந்து, “வாட்ச் நல்லாத்தான் இருக்குது தம்பி, ஆனா என்னுது இல்ல” என்று மேசைமேல் வைத்தார். பழைய டயலை நான் குப்பையில் போட்டிருந்தேன்.

50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட் வாட்சோடு ஒகேனக்கல் அருவியில் குளிக்கலாமா?
– வாசகர், பென்னாகரம்

வேண்டாம். 30 மீட்டர் என்றால் மழைச் சாரல், கை கழுவுதல். 50 என்றால் அமைதியான தண்ணீரில் கொஞ்சம் நீச்சல். ஆய்வுக்கூடத்தில் அசையாமல் வைத்து அழுத்திப் பார்த்த கணக்கு அது. அருவி அசையாமல் விழுவதில்லை. 100 மீட்டர் வாட்சானாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் பழசாகியிருந்தால் கணக்குத் தப்பிவிடும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போகிறவர் வாட்சைக் கழற்றி வைப்பதில் என்ன கஷ்டம்?

லாரி ஓட்டுகிறேன். டயலை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டுவது பழக்கம். பையன் ‘பழைய ஸ்டைல்’ என்கிறான்.
– வாசகர், இராயக்கோட்டை

ஸ்டீயரிங்கிலிருந்து கையெடுக்காமல் மணி பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. கண்ணாடியிலும் கீறல் குறையும், லாக் மட்டும் தேயும். மணிக்கட்டின் உள்பக்கம் தட்டையாக இருப்பதால் இரண்டு மில்லி பெரிய வாட்ச்கூட அங்கே நன்றாக உட்காரும். பையனைத் தக்காளி லோடோடு ஒரு ராத்திரி கூட்டிப்போங்கள்.

ஸ்மார்ட் வாட்சுக்கும் இந்த அளவெல்லாம் உண்டா?
– வாசகி, சூளகிரி

உண்டு. சதுர ஸ்மார்ட் வாட்சில் போடும் 40, 44 எல்லாம் பெரும்பாலும் உயரக் கணக்கு, அகலம் அதைவிடக் குறைவு. ஒல்லிக் கை என்றால் சின்ன அளவையே எடுங்கள். நாடி பார்க்கும் விளக்கு தோலை ஒட்டியிருக்க வேண்டும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே தள்ளிக் கட்டுங்கள்.

‘நூலால் அளக்க வேண்டும்’ என்று கடையில் சொன்னீர்கள். அளந்து, நூலையே அனுப்பியிருக்கிறேன். எனக்கு என்ன அளவு?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

கடிதத்துக்குள் செல்லோடேப் போட்டு ஒட்டிய சிவப்பு நூல் பத்திரமாக வந்தது. ஸ்கேலில் வைத்தேன், 17.2 சென்டி. தையல் நூலுக்குப் பதில் உல்லன் நூலை அனுப்பிவிட்டீர்கள், இழுத்தால் 18 வருகிறது, விட்டால் 17. 17 என்றால் 38 மில்லி, 18 என்றால் 40. தவிர, இது இடது கையா, வலது கையா என்று எழுதவில்லை. வேலை செய்கிற கை கொஞ்சம் பருத்திருக்கும். வாட்ச் கட்டும் கையை, எலும்புக்கு மேலே முழங்கைப் பக்கமாக, இந்த முறை தையல் நூலால் அளந்து அனுப்புங்கள். உல்லன் நூலை என் மனைவி எடுத்து வைத்துக்கொண்டாள்.